குட்டையில் பறித்த வள்ளைக்கீரையும் மாமியாரின் ரத்தப் பரிசோதனையும்

41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு ஆறு மாதமாக ஓயாத களைப்பு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9.1 கிராம் என்று வந்ததும் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். குமட்டலும் மலச்சிக்கலும் படுத்தியதால் பத்தாவது நாளே நிறுத்திவிட்டார். "வள்ளைக்கீரையைப் பச்சையாக அரைத்து வடிகட்டிக் குடி, ரத்தம் தானாக ஊறும்" என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில் அந்தக் கீரை படர்ந்து கிடக்கிறது. ஏழு வாரமாகத் தினமும் காலையில் ஒரு டம்ளர் சாறு. மறுபரிசோதனையில் 9.3. "அளவு போதவில்லையா? இரண்டு டம்ளராக்கட்டுமா?" என்பது முதல் கேள்வி.

கணவருக்கு 47 வயது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். அவரும் சாறு குடிக்கத் தொடங்கினார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 162-இலிருந்து 134-க்கு இறங்கியிருக்கிறது. "மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்பது இரண்டாவது கேள்வி.

கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: "இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கும் என் மாமியாருக்கும் (68) இந்தக் கீரையைத் தினமும் கடைந்து கொடுக்கிறேன். வார்ஃபரின் சாப்பிடுகிறார். போன வாரம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்; குறைந்தால் ரத்தம் எளிதில் உறையும்) 2.8-இலிருந்து 1.7-க்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் எப்படியும் மருத்துவரிடம் போக வேண்டும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். இதற்கும் கீரைக்கும் சம்பந்தம் இருக்குமா?"

முதலில் மாமியார்

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், இன்றே அவருடைய இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். காரணத்தை இங்கே விளக்குகிறேன். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. கரும்பச்சை இலைக் கீரைகளிலோ வைட்டமின் கே நிறைய இருக்கிறது. எப்போதாவது கீரை சாப்பிட்டு வந்தவருக்குத் திடீரென்று தினமும் ஒரு கிண்ணம் கொடுத்தால் மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், கீரை மறுபக்கம் இழுக்கும். ஐ.என்.ஆர். இறங்கிவிடும். ஆகவே, ஆமாம், சம்பந்தம் இருக்கிறது. மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா, புதிதாக வேறு மருந்து சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். அவையும் இதே விளைவைத் தரும்.

உலோக வால்வு வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஐ.என்.ஆர். 2-இலிருந்து 3 வரை, அல்லது 2.5-இலிருந்து 3.5 வரை இருக்க வேண்டும் என்று மருத்துவர் வைத்திருப்பார். வால்வு எந்த வகை, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். உங்கள் மாமியாருக்கு முன்பு 2.8 இருந்ததைப் பார்த்தால் 1.7 குறைவுதான். இந்த நிலையில் ஒரு மாதம் விடக் கூடாது. வால்வில் கட்டி உருவானால் அது மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம், வால்வே சரியாகத் திறந்து மூடாமல் போகலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்துபோவது, பேச்சு குழறுவது, புதிதாக மூச்சுத்திணறல், வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தோன்றக்கூடியது, "சரி, நாளையிலிருந்து கீரையே கிடையாது" என்பது. அதுவும் தவறு. ஐ.என்.ஆர். குறைந்ததைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கும்போது, இங்கே நீங்கள் கீரையை அடியோடு நிறுத்தினால், ஐ.என்.ஆர். எகிறி ரத்தக்கசிவு வரலாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையே தொடக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் போதும். அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மருத்துவர் மாத்திரையைப் பொருத்திக்கொள்வார். எத்தனை வாரமாக, தினமும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கீரை கொடுத்ததற்காக உங்களை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. அது தெரியாமல் மாத்திரை அளவை மாற்றுவதுதான் ஆபத்து.

இரண்டு டம்ளராக்கினால் ரத்தம் ஊறுமா?

இப்போது உங்கள் விஷயம். வள்ளைக்கீரை நல்ல கீரை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பச்சையாக 100 கிராம் எடுத்தால் 19 கலோரிதான். புரதம் 2.6 கிராம், நார்ச்சத்து 2.1 கிராம், கால்சியம் 77 மில்லிகிராம், மக்னீசியம் 71 மில்லிகிராம், வைட்டமின் சி 55 மில்லிகிராம். வைட்டமின் ஏ-யாக உடல் மாற்றிக்கொள்ளும் கரோட்டின், ஒரு பெண்ணின் அன்றாடத் தேவையில் ஏறத்தாழ பாதியைத் தரும். ஒரு சாதாரண நீர்க்கொடிக்கு இது பெரிய கொடை.

ஆனால் இரும்பு? அதே 100 கிராமில் சுமார் 1.7 மில்லிகிராம். நீங்கள் நிறுத்திய மாத்திரை ஒன்றில் பொதுவாக 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மாத்திரைக்கு ஈடாக மூன்றரைக் கிலோ கீரை. அதுவும் முழுவதும் உடலில் சேராது. செடிகளில் உள்ள இரும்பை நம் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். ஏழு வாரத்தில் 9.1 வெறும் 9.3 ஆனதற்கு இதுதான் காரணம். உண்மையில் 0.2 வித்தியாசத்தை முன்னேற்றம் என்றே சொல்ல முடியாது. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு நாள் பரிசோதித்தால்கூட அந்த அளவு வித்தியாசம் வரும்.

ஆகவே இரண்டு டம்ளராக்க வேண்டாம். ஒரு டம்ளரையும் நிறுத்தச் சொல்லப் போகிறேன். அதற்கு வேறு காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு வழிகள் உண்டு. தினமும் எடுப்பதற்குப் பதில் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிற்றுத் தொல்லை பலருக்குக் குறைகிறது. ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடல் எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடுகிறது. வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவதுதான், பயப்பட வேண்டாம். இதுவும் முடியவில்லையென்றால் வேறு வகை இரும்பு உப்பு இருக்கிறது, நரம்பு வழியாகச் செலுத்தும் ஊசியும் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் "குமட்டலால் நிறுத்திவிட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். மாத்திரை சரியாக வேலை செய்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் வரை ஏறும். 12-ஐத் தொட்ட பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். ரத்தம் சரியானாலும் உடலின் கையிருப்பு அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் மாதவிடாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 41 வயதில் இரும்பு குறைகிறது என்றால் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஏழு நாளுக்கு மேல் போகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கர்ப்பப்பையில் கட்டி இருந்து மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்தால், எந்தக் கீரையும் எந்த மாத்திரையும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். மூலம், வயிற்றுப்புண் போன்றவற்றால் வரும் மெல்லிய ரத்தக்கசிவையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் பரிசோதியுங்கள்.

அந்தக் குட்டைத் தண்ணீர்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: "மழைக்காலத்தில் வயல் தண்ணீரும் தெருச் சாக்கடையும் வந்து சேர்ந்தாலும், கீரை மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கும்." பச்சைப்பசேலென்று இருப்பதை அது சுத்தமானது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கழிவுநீரில் உள்ள உரச்சத்தைக் குடித்துத்தான் அது அப்படித் தழைக்கிறது.

நிலத்தில் வளரும் கீரையிலும் அழுக்கு ஒட்டும், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். நீரில் வளரும் கீரைக்கு அப்படியில்லை. அது எந்த நீரில் நிற்கிறதோ அந்த நீரைத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். வள்ளைக்கீரையின் தண்டு உள்ளே குழலாக இருப்பதால் மிதக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு நீரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை இது நன்றாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்ய இந்தச் செடியைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி இலைக்குள் சேர்ந்த உலோகம் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. ஈயம் உடலில் சேர்ந்தால் ஹீமோகுளோபின் உற்பத்தியே தடைபடும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். ரத்தம் ஊற என்று குடிப்பது ரத்தத்தைக் குறைக்கும் வழியாகிவிடக் கூடாது.

அடுத்தது புழு. நீர்ச்செடிகளின் இலையிலும் தண்டிலும் தட்டைப்புழுக்களின் நுண்ணிய கூடுகள் ஒட்டியிருக்கலாம். ஒன்று குடல் தட்டைப்புழு, ஃபேசியோலாப்சிஸ் என்று பெயர்; ஆசியாவின் சில பகுதிகளில் காணப்படுவது. மனிதர், பன்றி இவற்றின் மலத்தோடு முட்டை நீரில் கலக்கும், நத்தைக்குள் வளரும், பிறகு வெளியே வந்து நீர்ச்செடியில் கூடு கட்டி உட்காரும். பச்சையாகச் சாப்பிட்டால் நம் குடலில் வளர்ந்து 7 சென்டிமீட்டர் வரைகூட நீளும். எண்ணிக்கை மிகுந்தால் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, கூடவே ரத்தசோகையும் வரும். மற்றொன்று ஆடு மாடுகளிடமிருந்து வரும் கல்லீரல் தட்டைப்புழு. இதுவும் நத்தை வழியாகத்தான் நீர்ச்செடிக்கு வருகிறது. காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடுதல் என்று காட்டும். உப்புநீரில், வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போதும் என்று சொல்வார்கள். அதை நம்ப முடியாது. நன்றாக வேகவைத்தால் இவை செத்துவிடும்.

நீங்களும் கணவரும் ஏழு வாரம் பச்சைச் சாறு குடித்திருக்கிறீர்கள். இதனால் கட்டாயம் ஏதோ ஆகியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் அளவையும் பார்த்துவிடுங்கள். வயிற்றுத் தொல்லை இருந்தால் மலப் பரிசோதனையும் செய்யுங்கள். பச்சையாக நீர்க்கீரை சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் இந்தப் புழுக்களை யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். இரண்டு புழுக்களுக்கும் மருந்து உண்டு, ஆனால் ஒரே மருந்து இல்லை. கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கே செடியின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் இரண்டு இடங்களில் "வல்லாரை" என்று எழுதி, ஞாபகசக்திக்கு நல்லது என்றும் சேர்த்திருக்கிறீர்கள். வள்ளை வேறு, வல்லாரை வேறு. வல்லாரையின் இலை வட்டமாக, சிறுநீரக வடிவில், தரையோடு படர்ந்திருக்கும். வள்ளையின் இலை அம்புமுனை போல நீண்டிருக்கும். தண்டை ஒடித்தால் உள்ளே வெற்றுக்குழல். பூ வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ புனல் போல இருக்கும். வல்லாரைக்குச் சொல்லும் குணங்களை எல்லாம் வள்ளைக்கு ஏற்றிச் சொல்வது பெயர் ஒலிப்பால் வந்த குழப்பம். இதைவிடக் கவலை தருவது நெய்வேலிக் காட்டாமணக்கு. வள்ளைக்கு நெருங்கிய சொந்தம், அதே புனல் வடிவப் பூ, அதுவும் நீரோரத்தில் வளரும், ஆனால் விஷம்; ஆடு மாடு தின்றாலே நோய் வரும். அது புதராக நிமிர்ந்து நிற்கும், இலை பெரிதாக இதய வடிவில் இருக்கும். குட்டை ஓரத்தில் அவசரமாகப் பறிக்கும் கைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கணவரின் மாத்திரை

நிறுத்த வேண்டாம். வள்ளைக்கீரைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டா என்று இலங்கையில் ஆராய்ந்திருக்கிறார்கள்; எலிகளிலும், பிறகு ஒரு சில நீரிழிவு நோயாளிகளிடமும் சர்க்கரை இறங்கியது. இது மேற்கொண்டு ஆராயத் தகுந்த செய்திதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருவருடைய மருந்தை நிறுத்த முடியாது. எத்தனை கிராம், எத்தனை மாதம், பக்கவிளைவு என்ன என்பதை அவ்வளவு சிறிய ஆய்வு சொல்லாது.

அப்படியானால் 162 எப்படி 134 ஆயிற்று? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதே வாரங்களில்தான் அவர் டீயில் சர்க்கரையை விட்டார், சாயங்காலம் 40 நிமிடம் நடக்கத் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமையை முழுவதும் கீரைக்குக் கொடுத்துவிட்டீர்கள், பாவம் அந்த மனிதர்! என் கணிப்பில் பெரும்பங்கு அவருடைய நடைக்கும், மெட்ஃபார்மினைத் தவறாமல் போட்டதற்கும் சேர வேண்டும். ஒருநாள் காலைச் சர்க்கரையை வைத்து முடிவெடுக்காமல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். அது தொடர்ந்து நன்றாக இருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவரே யோசிப்பார். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கீரையில் பி12 கிடையாது. அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கீரையின் அளவும் குறைய வேண்டிவரும், இதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதே பொட்டாசியம் நல்லதுதான்.

இனி எப்படிச் சாப்பிடலாம்

கீரையைக் கைவிடச் சொல்லவில்லை. குட்டையைக் கைவிடச் சொல்கிறேன். வள்ளைக்கீரை ஈரமண்ணிலும் நன்றாக வரும். விதை போட்டோ, கணுவுள்ள தண்டை நட்டோ வளர்க்கலாம். ஆனால் குட்டையில் இருக்கும் கொடியிலிருந்து தண்டு எடுக்க வேண்டாம், விதையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தொட்டி, நல்ல மண், குடிக்கத் தகுந்த நீர் இருந்தால் ஐந்தாறு வாரத்தில் முதல் பறிப்பு வந்துவிடும். அடித்தண்டை விட்டு நுனியை மட்டும் வெட்டினால் மறுபடி மறுபடி துளிர்க்கும். வெட்டிய தண்டுகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். படர்ந்து நீரையே மூடிவிடும் என்பதால் அமெரிக்காவில் இதைத் தீங்கான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

சாறாக வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடுங்கள். "வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும்" என்று எழுதியிருந்தீர்கள். வைட்டமின் சி கொஞ்சம் போகும், உண்மைதான். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் அதை ஈடுகட்டிவிடலாம், கீரையில் உள்ள இரும்பும் கூடுதலாகச் சேரும். கரோட்டின் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: வெந்த இலையிலிருந்து, அதுவும் ஒரு கரண்டி எண்ணெயோடு சாப்பிடும்போதுதான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்கிறது. வடிகட்டிய சாற்றில் நார்ச்சத்தைச் சக்கையோடு கீழே கொட்டிவிட்டீர்கள். மலச்சிக்கல் என்று வருந்தும் உங்களுக்குத் தேவைப்பட்டதே அதுதான். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் வந்திருந்தால், கொதிநீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டுச் சமையுங்கள், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் ஓரளவு குறையும்.

உங்களுக்கும் கணவருக்கும் வாரத்தில் மூன்று நாள், ஆளுக்கு ஒரு கிண்ணம் போதும். மற்ற நாட்களில் வேறு கீரை, பயறு, முட்டையோ மீனோ சாப்பிடுவீர்களானால் அவையும் இருக்கட்டும். மாமியாருக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். சொன்ன அளவை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், ஒவ்வொரு முறை ஐ.என்.ஆர். பார்க்கும்போதும் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் மாத்திரை அளவை மாற்றினால் சில நாட்களிலேயே மறுபடி பார்க்கச் சொல்வார், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த எண் எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.